847-க்குப் பிறகும் 847

திங்களன்று 847 என்று போட்டான் சேனல்காரன்.
செவ்வாயன்றும் 847.
மாமியார் இடுப்பிலிருந்து அபிரூபா சாவியைப் பிடுங்கியது ஒன்று.
பிடுங்கிய சாவி எந்தப் பூட்டுக்கும் சேராமல்
அவள் விழித்து நின்றது இன்னொன்று.

ஜுபைல். கேம்ப் நான்கு, அறை 214.
ஷட்டவுன் மாதம், ஆள் அதிகம், கட்டில் குறைவு.
மூன்றாம் கட்டிலுக்கு இரண்டு பேர்:
பகல் வேலைக்கு நான், 3ஏ.
இரவு வேலைக்குத் தவசிமுத்து, 3பி.
நான் எழுந்த சூட்டில் அவன் வந்து படுப்பான்.
நேரில் பார்ப்பது பஸ் படியில், நாற்பது நொடி.
மிச்சப் பேச்செல்லாம் பட்டியலில்தான்.

அந்தத் தொடருக்கு நாங்கள் போடும் பட்டியல்:
எண், தேதி, இரண்டு வரியில் கதை.
போனில் யாரும் திறந்து பார்க்கலாம்.
பார்க்கிறார்கள்.
சோஹாரில் ஒரு நர்ஸ், தோஹாவில் ஒரு கிரேன் ஓட்டுநர்,
எதில் விட்டோம் என்று தேடி வருகிறவர்கள்.
எண் தப்பினால் பாவம்,
கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தையைப் பார்த்துவிடுவார்கள்.

எனக்குப் பிழைப்பே எண்தான்.
குழாய் வரைபடம் ஒவ்வொன்றுக்கும் பதினேழு இலக்கம்.
திருத்தம் வந்தால் பழையதன் நெற்றியில்
சிவப்பு முத்திரை: செல்லாது.
தாள் சாகும், எண் சாகாது,
அதை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது.
ஆகவே எழுதினேன்:
திரையில் உள்ளதே எண்.
இரண்டாவதை 847பி என்று வைப்போம்.

மறுநாள் பார்த்தால் பதில், செம்மஞ்சள் எழுத்தில்:
பி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி.
பி-ன்னா என்னான்னு ஒமக்குத் தெரியாது.
ஏ எந்திரிக்கிற வரைக்கும் நிக்கவன் பி.

அவன் சாரம் கட்டுகிறவன்.
ஒரு தட்டை விட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு ஏறமாட்டான்.
ஒளிபரப்பான நாள் ஒன்று என்றால் எண் ஒன்று.
ஞாயிறு இரண்டரை மணிநேர மகாசங்கமம்?
ஒண்ணுதான், எழும்பாமத்தான பாத்தோம்.
கொரோனாவில் பழசையே திருப்பிப் போட்டார்களே?
பூஜ்யம்.
'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போட்டு
அபிரூபாவின் முகத்தையே மாற்றினார்களே, அன்றைக்கு?
எண் ஓடும்லா. ஆள் மாறினா கட்டில் மாறுமா?

சரி, நாளை சேனலில் 848 வரும், நம்மிடம் 849 இருக்கும்.
கடைசிவரை ஓர் அடி முந்தியே நடப்போம்.
தேடி வருகிறவன் யாரை நம்புவான்?
கேட்டு எழுதிவிட்டுப் படுத்தேன்.

அன்று தூசிக்காற்று. உயரத்து வேலை நிறுத்தம்.
பதினொரு மணிக்கு, புருவமெல்லாம் மண்ணாக,
தவசிமுத்து கட்டிலருகே நின்றான்.
கால்மாட்டில் இடம் விட்டேன்.
ஒரே போனில், ஆளுக்கொரு காது,
இரண்டு 847-ஐயும் அடுத்தடுத்துப் பார்த்தோம்.
இரண்டாவதில் பாதி பழசு.
அதே சாவி, அதே பிடுங்கல், அதே இடி
மூன்று பக்கத்திலிருந்து விழுந்தது.
மணி பார்த்துக் கணக்கிட்டேன்:
இருபத்திரண்டு நிமிடத்தில் புதுசு பதினொன்று.

அப்ப இது அரைதாம்வே, என்றான்.
எட்டுநூற்று நாற்பத்தேழரை.

சொல்லிவிட்டு இருவருமே ஒரு கணம் நின்றோம்.
ஏழரை.
சாவி சேராததற்குக் காரணம் இருக்கிறதல்லவா என்று
ஆரம்பித்த சிரிப்பை அடக்க முடியவில்லை.
இரண்டாம் கட்டில் ஒடியாக்காரர் தலையணையை எறிந்தார்.
கட்டத்தில் அரையை அவனே அடித்தான்.
படுத்தோம், ஆளுக்கு அரைக் கட்டிலில்.
அவன் முழங்கை விடியும்வரை என் விலாவில்.

புதனன்று சேனல்காரன் 849 என்று போட்டான்.
மன்னிப்பும் இல்லை, அட்டையும் இல்லை,
நடுவில் ஒன்றைத் தாண்டிப்போய்விட்டான்.

நாங்கள் அரையைத் திருத்தவில்லை.
அதற்குக் கீழே, செம்மஞ்சளில்,
848: காலி.
படுக்க ஆள் இருந்தால் சொல்லவும்.