இடது கைக்கு மட்டும் ஜிப்

செவ்வாய், வெள்ளி. நாலு நாலு மணி நேரம்.
ஊசி குத்த இடது கை வெளியே வேண்டும்.
ஏசி குளிருக்கு உள்ளே வேண்டும்.
இந்த ஒரு சண்டையைத் தீர்க்கத்தானோ
திருப்பூரில் பதினோரு வருசம்
பவர் டேபிளில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் சட்டைக்கு வெல்க்ரோ.
பிரித்த சத்தத்தில்
தூங்கிக்கொண்டிருந்த ஆறு பேரும் முழித்தார்கள்.
அடுத்ததற்கு பிரஸ் பட்டன்.
"கை மேல எதுவும் அமுங்கக் கூடாதுங்க்கா"
என்றாள் டெக்னீசியன் பிரிசில்லா.
என் விரலை எடுத்து
அவர் முழங்கை மடிப்பில் வைத்துக் காட்டினாள்.
உள்ளே ஒரு மோட்டார்,
பெடல் மிதிக்காமலே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, நைலான் ஜிப்.
தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெளிப்பக்கமாக,
தோலில் படாமலிருக்க அடியில் ஒரு பட்டி.
எக்ஸ்போர்ட்டில் கழித்த இண்டர்லாக் துணி
காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைத்தது.
ஆசாரத்தில் டிவி இருந்த இடத்துக்கு மெசின் வந்தது.
டிவி இப்போது பொடக்காளிக் கதவோரம்
சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

வெட்டுவது அவர்.
கட்டிங் மாஸ்டருக்கு வலது கை போதுமாம்;
இடது கைக்குப் பதில் துணி மேல் ஒரு படிக்கல்.
நல்ல நாளில் அஞ்சு பீஸ்.
டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் ஒன்றுமில்லை,
படுத்துக்கொண்டே கத்திரியைத் துடைப்பார்.

துணி எழுபத்திரண்டு.
ஜிப் பதினாறு.
நூலும் கரண்டும் ஏழு.
என் நேரம்?
காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த இடம்
ரண்டு நாள் காலியாகக் கிடந்தது.
பீஸ் ரேட்டை எப்போதும் வேறு யாரோதான் சொன்னார்கள்,
நான் தைத்தேன்.
"சீக்காளிககிட்டப் போயி லாபமா?" என்றேன்.
"ஊசிக்காரன் வெக்கிலியா, மாத்தரைக்காரன் வெக்கிலியா,
ஆட்டோக்காரன் வெக்கிலியா?
நீ மட்டும் என்னத்துக்குப் புள்ள
இனாமாத் தெச்சுக் கண்ணக் கெடுத்துக்கோணும்?
எழுது, நாப்பது."
முப்பத்தஞ்சு என்று எழுதினேன்.

பக்கத்துப் படுக்கை மும்தாஜ் அக்கா ரண்டு கேட்டார்,
கழுத்தை ஏற்றி வைத்து.
அவினாசியிலிருந்து காலேஜ் பையன் ஒருத்தன்,
கறுப்பு மட்டும்தான் போடுவானாம்.
பெருமாநல்லூர் நாச்சிமுத்துவுக்கு
இடது கை அடைத்துப்போய் வலதில் போட்டிருந்தார்கள்.
சாம்பல் நிறம், நாற்பத்திரண்டு சைஸ்,
ஐம்பது ரூபாய் அட்வான்ஸ்.
பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கொண்டுபோனேன்.
அந்தப் படுக்கையில் வேறொருவர்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
பிரிசில்லா என்னைப் பார்க்காமல்
டியூப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அட்வான்சைத் திருப்பித் தரப் போன் செய்தேன்.
மகன் எடுத்தான்.
"தெச்சுட்டீங்களாக்கா?"
"தெச்சாச்சு தம்பி."
"அப்பறம் என்னத்த திருப்பறது?
மீதி எம்பது எந்த நம்பருக்குப் போடட்டும்?"
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் போனில் பணம் வந்த சத்தம்.

கொக்கியில் தொங்குகிறது,
காசு வாங்கிய சட்டை.
வலது கைக்காரர் யாரும் வரவில்லை.
வரவும் வேண்டாம்.

நோட்டில் இப்போது ஒரு கோடு அதிகம்:
பேர், அளவு, நிறம், எந்தக் கை.
நேற்று காங்கயத்திலிருந்து ஒரு பெண்குரல்.
பேர் சொன்னாள், அளவு சொன்னாள்.
"எந்தக் கைங்க?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இன்னும் போடலீங்க்கா.
வர்ற புதன்கெழம ஆப்பரேசன்."
"ஆகட்டும்," என்றேன்,
"முடிஞ்சதும் கூப்புடுங்க.
துணி எடுத்து வெச்சர்றேன்."