புள்ளி ஏழு

கஸ்பா கடையில் இம்தியாஸ் மூன்று டப்பாக்களைப் பரப்பினான்.
இரிடியம், ஒன்று எழுநூறு,
லட்சம் கிலோமீட்டர் உழைக்குமாம்.
என் ஆம்னி அதுவரை உழைக்குமா என்று கேட்டேன்.
சிரித்தபடி உள்ளே வைத்தான்.

அடுத்தது சூட்டுப் பிளக்.
மூக்கு நீளம். வாங்கிய வெப்பத்தை விட மனசு வராது அதற்கு.
ஊட்டியில் ஓட்டுகிறவன் வாங்கட்டும்.
நான் ஓட்டுவது கத்திரி வெயிலில், கேஸில்,
காட்பாடி ஜங்ஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே.
கேஸ் கரி பிடிக்காது, சூடுதான் அதிகம்.
ஒரு படி குளிர்ந்தது கொடு என்றேன்.
நிக்கல் முனை. நூற்றிருபது ரூபாய். மூன்று.
டப்பாவைத் தட்டிக் காட்டினான்:
"கேப் கம்பெனியிலேயே வச்சு வருது லோகாக்கா, அப்படியே மாட்டு."

அப்படியே மாட்டினேன்.
தெரிந்தே செய்த தப்பு.
ஃபீலர் கேஜ் டேஷ்போர்டில்தான் கிடந்தது,
எண்தான் தெரியவில்லை.
நாற்பத்தாறு வயது, வெள்ளெழுத்து
என்று ஸ்டாண்டில் சொல்ல முடியுமா?
ஏற்கெனவே, பொம்பளை ஓட்டுகிற வண்டி.

இரவு இரண்டரை. ஹவுரா ரயில் மூன்று மணி நேரம் லேட்.
ஒருவர் ஏறினார். ஒரு பை, சுருட்டிய எக்ஸ்ரே,
தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.
லாட்ஜ் பெயர் எழுதிய சீட்டை நீட்டினார்.
பெயர் கேட்டேன். நிமாய் மண்டல்.
அதோடு எங்கள் இருவரின் பாஷையும் தீர்ந்தது.

விருதம்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலம் ஏறுகையில்
மிதித்தேன். மூன்று காலில் ஓடுவது
இரண்டு காலில் நொண்டியது.
நின்றது.
கீழே ஆறு முழுக்க மணல், கொஞ்சம் சீமைக்கருவேலம்.

ஆம்னிக்கு எஞ்சின் சீட்டுக்கடியில்.
ஆளை எழுப்பினால்தான் மூடி திறக்கும்.
இறங்கினார். கேட்காமலே செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
துணி சுற்றி நடு பிளக்கைக் கழற்றினேன், ஆனாலும் சுட்டது.
நன்றாக எரிந்த முனையில் பால் டீ நிறம் ஏறும்.
இது கடையில் வாங்கியபடியே இருந்தது.
இடைவெளி அகலம். பெட்ரோலுக்கு வைத்த அகலம்.
கேஸைத் தாண்டப் பொறிக்கு அதிகத் தெம்பு வேண்டும்,
என் காயிலுக்கோ அத்தனை இல்லை.

கேஜை விசிறி போல் விரித்தேன்.
எல்லா இலையும் ஒரே பளபளப்பு.
அவரிடமே நீட்டினேன்.
ஒவ்வொன்றாய்ப் புரட்டி, ஒன்றைத் தனியே பிடித்து
"ஷாத்" என்றார்.

சாத்து?
எதை? கதவு சாத்தித்தான் இருந்தது.
செல்லைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஏழு விரல் காட்டினார்.
ஏழு! புள்ளி ஏழு.
எனக்கு வேண்டியது அதுதான்.
பிளக்குக்கு வேண்டியது முதலில் என் காதில் விழுந்தது.

கைப்பிடிச் சுவரில் தலைகீழாய் வைத்துத்
தட்டினேன், வளைந்த கம்பியை மட்டும்.
நடுவில் பட்டால் பீங்கான் விட்டுவிடும்.
இலை லொடலொடவென்று போனது. இன்னொரு தட்டு.
இப்போது போகவே இல்லை. கொக்கியால் நெம்பினேன்.
அடுத்த முறை,
கொடியில் ஈரத்துணியை உருவுகிற பிடி.
அது போதும்.
மூன்றாவது பிளக்கை அவரே வாங்கி
இலையை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

லாட்ஜ் வாசலில் பேசிய காசைக் கொடுத்தார்.
பிறகு எக்ஸ்ரேயை உருவி
தெருவிளக்குக்கு நேரே பிடித்து
ஓர் இடத்தில் விரல் வைத்தார்.
பார்த்தேன். விரல் தெரிந்தது.
எது எலும்பு, எது நோய், யாருடைய மார்பு
எதுவும் எனக்கு எட்டவில்லை.
தலையாட்டினேன், அவர் ஆட்டியது போலவே.

காந்தி ரோட்டுக் கண்ணாடிக் கடை
பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றார்கள்.
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன்.
ஒன்று, மூன்று, இரண்டு.
ஒன்று, மூன்று, இரண்டு.