ஓடாத நிறம்

ஹாம்பர்க்கிலிருந்து விடியற்காலை மெயில்:
மெரூன் ரன் ஆகிறது, வெள்ளைக் காலரெல்லாம் ரோஸ்,
நாலாயிரத்து இருநூறு பீஸ் நிறுத்தி வை.
காலருடன் ஸ்கூட்டியை முறுக்கினேன்,
வீரபாண்டி டையிங்.

மாஸ்டர் நாச்சிமுத்து துணியை முக்கிப் பிழிந்து பார்த்தார்.
"ஓடறதுக்கு இதுக்கென்னங்க காலா இருக்குது?
சாயம் போகுமுங்க, இல்லீன்னா எறங்கும்.
ஓடாதுங்க."
"அவங்க ஊர்ல ஓடுமுங்க."
"அப்ப அங்கயே புடிச்சு நிறுத்தச் சொல்லுங்க."

மதியம் டிபன் பாக்ஸ் ஆறிக்கொண்டிருக்க
போனில் அகராதி திறந்தேன்.
ரன்.
தள்ளத் தள்ள முடியாத அர்த்தம், கட்டைவிரல் வலித்தது.
மூக்கு அங்கே ஓடும், இங்கே ஒழுகும்.
தேர்தலில் அமெரிக்காக்காரர் ஓடுகிறார்,
நம்மூர்க்காரர் நிற்கிறார்.
படம் மட்டும் இரண்டு ஊரிலும் ஓடுகிறது.

அடியில் பொடி எழுத்தில் வேர்:
ரின்னன் என்றொரு பழைய சொல்.
காலுக்கும் தண்ணீருக்கும் அதில் ஒரே வினை.
அப்படிப் பார்த்தால் மெரூன் மேல் தப்பில்லை,
பாட்டன் புத்தி.

பக்கத்திலேயே இன்னொரு சொல் இருந்ததாம்,
ஓட வைப்பதற்கு, குதிரையை விரட்டுவதற்கு.
ஒரே பக்கெட்டில் ஊறிய இரண்டு துணி போல
பிறகு எது எதுவென்று தெரியாமல் கலந்துவிட்டன.
அதனால்தான் இங்கிலீஷில்
எங்கள் முதலாளியும் ரன், கம்பெனியை.
ஷிப்மெண்ட் அன்றைக்கு நானும் ரன், மாடிக்கும் கீழுக்கும்.
கேட்கிறவன் பங்காளிகள் என்று நினைப்பான்.

தமிழ் ஏமாற்றாது என்று சந்தோஷப்பட்டேன்.
நான் ஓடுகிறேன், அவர் ஓட்டுகிறார்.
நடுவில் புள்ளி வைத்த ஒரு ட்,
அவருடைய கேபின் கண்ணாடிக் கதவு மாதிரி.

சோற்றில் கை வைக்கும்போது
பவர் டேபிளில் ரஷ்மிதா.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
அவளும் ஓட்டுகிறாள், மிஷினை, ஒன்றரை ஷிப்ட்.
எப்படி இருக்கே என்றால்
"ஓட்டறேன்க்கா" என்கிறாள்,
நம்மூர் ஆட்கள் சொல்லிக் கொடுத்த பதில்.
அந்த ட் அவளுக்கும் இருக்கிறது.
கதவு எதுவும் இல்லை.
என் கணக்கு அங்கேயே பிசகிவிட்டது.

சாயங்காலம் நொய்யல் பாலத்தில் டிராபிக்.
கீழே ஆறு
எந்தத் தேர்தலும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு நாச்சிமுத்து போன்.
"மறுக்கா பிக்ஸிங் போட்டாச்சுங்க,
மூணு தடவை அலசிட்டேன், நின்னுக்கிச்சு.
ஏனுங் அம்மிணி, ஓடாத கலருக்கு
அவங்க என்னன்னு சொல்லுவாங்க?"

"பாஸ்ட் கலருங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பின்னால் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது,
அல்லது யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்ட்டுன்னா வேகந்தானுங்க?"
"அதேதானுங்க."
"செரி, வையுங்க. லாரி வந்துருச்சு."