ஒன்றரை மணிப் பாசி

தேரூர்க் குளத்தில் அள்ளியது.
தாமரைத் தண்டில் ஒட்டிக் கிடந்தது,
கையில் எடுத்தால் ஈரத் தலைமுடி.
ஸ்பைரோகைரா என்று புட்டியில் எழுதினேன்.
துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்:
"இந்த வழுக்கலையா கொண்டு போறிய?
எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்."

இது பகலில் பிரியாது.
வெயிலைத் தின்று தீர்த்து
ஊர் உறங்கிய பிறகுதான் இரண்டாகும்.
அதனால் நாகர்கோவிலில்
காவலாளி ஞானசிகாமணி கேட்டைப் பூட்டிப் போன பின்னும்
ஆய்வகத்தில் நானும்
சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சும்.
பதினொன்றுக்கு ஒரு சிட்டிகை, பன்னிரண்டுக்கு ஒன்று,
ஒன்றரைக்கு ஒன்று.
குளுட்டரால்டிஹைடில் விழுந்ததும்
எது எந்த வேலையில் இருந்ததோ
அந்த வேலையிலேயே நின்றது.
நிலைநிறுத்தல் என்கிறது பாடப்புத்தகம்.
எனக்கு வேறு சொல் தெரியும்.

விடிந்ததும் வடசேரியில் திருவனந்தபுரம் பஸ்.
மடியில் தெர்மாகோல் பெட்டி.
"மீனா?" கண்டக்டர்.
"பாசி."
"பாசிக்கு எதுக்கு ஐஸு?"
சில்லறை தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.
களியக்காவிளையில் ஒரு போலீஸ்காரர் மூடியைத் திறந்து
பன்னிரண்டு குப்பிகளையும் பார்த்து
திரும்ப மூடினார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அங்கே ஆஸ்மியத்தில் பச்சை கறுத்தது.
பிசினில் ஊறி, அடுப்பில் இரண்டு நாள் இறுகி
அரிசி மணி அளவு கட்டிக்குள் ஒரு குளத்தின் நள்ளிரவு.
வைரக் கத்தி சீவிய துண்டுகள் தண்ணீரில் மிதந்தன.
வெள்ளியாய் மினுங்கினால் சரியான கனம்,
பொன்னாய் மினுங்கினால் தடிமன், வீண்.
அவற்றைத் தள்ளி ஒதுக்க
குச்சி நுனியில் ஒட்டிய ஒற்றை இமைமுடி.
என்னுடையதுதான்.

இருட்டறையில் திரை பச்சையாக எரிந்தது.
பாசியின் பச்சை அல்ல, பாஸ்பரின் பச்சை.
விலகி நிற்கும் இரண்டு உட்கருக்கள்.
ஓரத்திலிருந்து சுவர் உள்ளே வருகிறது,
சுருக்குப்பை வாய் இறுகுவது போல் சுற்றிலும்.
நடுவிலோ
நுண்குழல்கள் நெடுக்காக நிற்க, அவற்றினிடையே
இன்னொரு சுவர் வெளியே வளரப் பார்க்கிறது.
ஓரத்திலிருந்து வருவது பழைய வழி.
நடுவிலிருந்து போவது
தென்னைக்கும் ரப்பருக்கும் வாய்த்த வழி.
வழுக்கி விழவைக்கும் இந்தச் சனியன்
இரண்டையும் கையில் வைத்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே நானூறு நானோமீட்டர் மிச்சம்.
அது இனி மூடாது.
அடுத்த படத்தில் மூடியிருக்கிறது,
ஆனால் அது வேறொரு செல்.
நாற்பது பேரின் ஒவ்வொரு நொடியை அடுக்கி
ஒருத்தியின் இரவு என்று ஆய்வேட்டில் எழுதுவேன்,
யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

தாய்ச் செல் என்கிறோம்.
பிரிந்த பின் தேடினால் தாய் இல்லை.
பிணமும் இல்லை.
குளத்தில் அப்படி.
குப்பியில் எல்லாம் பிணம்தான்.

"மதியோ?" என்றார் வேணுக்குட்டன்,
சுவிட்ச் மேல் விரல் வைத்தபடி.
இன்னும் ஒரு முறை பெரிதாக்கச் சொன்னேன்.
அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பை,
சுவருக்கான பொருளை ஏந்திக்கொண்டு
பாதி வழியில்.
எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று
படத்தில் தெரியவில்லை.