எண்பத்து மூன்றாம் நாள்

வடக்கு டகோட்டா. பிப்ரவரித் திங்கள்கிழமை.
சர்க்கரை ஆலையின் நீராவி
என் ஜன்னலைத் தொட்டதும் உறைகிறது.

வெண்டெல் ப்ரோகாப் வந்து நிற்கிறார்,
இடது மணிக்கட்டைச்
சமையலறைத் துண்டில் சுற்றிக்கொண்டு.

வேலைக்குச் சேர்ந்து இன்று எண்பத்து மூன்றாம் நாள்.
காப்பீடு கண் விழிப்பது தொண்ணூற்றொன்றில்.
சேர்ந்த அன்று கையேட்டை நான்தான் கொடுத்தேன்.
பல்லுக்கு வேறு அட்டை, கண்ணுக்கு வேறு அட்டை என்றேன்.
"அப்ப மிச்சத் தலை யாரோடது?"
என்று சிரித்தவர்.

படிவத்தில் ஒரு கட்டத்தின்மேல்
நிற்கிறது என் பேனா:
எங்கே விழுந்தீர்கள்?

ஆலைக்குள் என்றால்
முதல் நாளிலிருந்தே பணம் உண்டு, அது வேறு கணக்கு.
கார் நிறுத்துமிடத்துப் பனி என்றால்கூட வாதாடிப் பார்க்கலாம்.
வீட்டுப் படி என்றால்
எக்ஸ்ரே முதல் மாவுக்கட்டு வரை
எல்லாம் அவர் தலையில்.

இத்தனையும் சொல்லிவிட்டு
இரண்டாம் முறை கேட்டேன், மெதுவாக,
கதவைத் திறந்து பிடித்திருப்பவள்போல.

காலண்டரைப் பார்த்தார்.
"வீட்டுப் படிதான். நேத்து.
உப்பு தூவ மறந்துட்டேன்."

எழுதினேன்.

"எட்டு நாள் பொறுத்தா,
பழைய முறிவுக்கும் குடுப்பாங்களா?"

கொடுப்பார்கள்.
எலும்பு பொறுக்குமா என்று
கையேட்டில் இல்லை.
மருத்துவமனையில் கட்டணச் சலுகைக்கு
ஒரு மனு உண்டு, பதினொரு பக்கம், என்றேன்.

தலையாட்டினார்.
என் மேசையிலிருந்த மர ஸ்கேலைக் காட்டி
"அதுவரைக்கும் இது கிடைக்குமா?" என்றார்.