பலமுறை பகிரப்பட்டது

காலை ஏழு நாற்பதுக்கு
சுங்கை லாலாங்கில் விலை விடியும்.
ஆலை வாசலில் லோரியை நிறுத்திவிட்டு
குணாளன் பலகையைப் படமெடுத்துப் புலனத்தில் போடுவான்:
டன்னுக்கு எழுநூற்று எண்பது.
அதற்கு மேலே ஒரு ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்,
அதற்குக் கீழே யாரோ இறந்த செய்தி.
நடுவில் எங்கள் அரிசி.

குழுவின் பெயர் ‘குலை விலை’.
நாற்பத்தொரு பேர்.
என்னுடையது மூன்று ஏக்கர் செம்பனை,
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
வேலை போன காசில் வாங்கியது.

முன்பெல்லாம்
எடைமேடை தர்மசீலன் வாயிலிருந்து வருவதுதான் விலை.
“ஆலையில எறங்கிடுச்சிக்கா” என்பார்.
முகத்தைப் பார்த்து நம்ப வேண்டியதுதான்.
இப்போது கைப்பேசியை நீட்டுகிறேன்.
சிரிக்கிறார், விலையை ஒத்துக்கொள்கிறார்.
பிறகு குலையைக் காலால் புரட்டி
காம்பு நீளம் என்கிறார், ஈரம் என்கிறார்,
நூற்றுக்கு நாலு கழிக்கிறார்.
விலை எங்கள் கையில்.
தராசு அவர் கையில்.
அவரும் குழுவில் இருக்கிறார்,
ஒரு வார்த்தை எழுதாமல்
இரண்டு நீலக் கோடுகளாக.

பாக்சிக் ரோஸ்லி மலாயில் எழுதுவார்: துருன்.
இறக்கம்.
அந்த ஒரு சொல்லுக்கே
எங்கள் வரிசை வீடுகளில் தேநீர் ஆறிப்போகும்.

போன மாதம், ஞாயிறு இரவு,
மச்சானின் பழைய வேலைக்குழுவிலிருந்து எனக்கு வந்தது:
புதன் முதல் ஆலை மூடல். மூன்று வாரம்.
கீழே முத்திரை மாதிரி ஏதோ ஒன்று.
படுத்தவள் எழுந்து
அலைவரிசை கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி வரை
நாய்களுக்குப் பயந்துகொண்டே நடந்து
அனுப்பினேன்.
நல்லது செய்கிற அவசரம்.

திங்கள் விடியுமுன்னே மரத்தடியெல்லாம் நெற்றிவிளக்கு.
கீழே பத்துப் பழம் உதிர்ந்தால்தான்
குலையைத் தொடலாம் என்று எங்கள் கைக்குத் தெரியும்.
அன்று கை கைப்பேசியைக் கேட்டது.
சிவப்பே ஏறாத காய்கள், கறுகறுவென்று.
லோரி வரிசை மருந்தகம் தாண்டி, அடகுக்கடை தாண்டி
தமிழ்ப்பள்ளி வேலி வரை.
பிள்ளைகள் எண்ணினார்கள்: இருபத்தாறு.

ஆலை மூடவில்லை.
மூடுவதாக அங்கே யாரும் சொன்னதுமில்லை.
காயென்று பாதியைத் திருப்பினார்கள்.
மேட்டில் கிடந்து மூன்று நாள் புளித்தது.
பூரணத்தின் மகனுக்கு மோட்டார் தவணை நின்றது.

“யாரு மொதல்ல போட்டது?”
மேலே உருட்டினால் என் பெயர்.
யாரும் உருட்டவில்லை.
அல்லது உருட்டிப் பார்த்துவிட்டு
என்னை அங்கேயே விட்டுவிட்டார்கள்.
தர்மசீலன் மட்டும் முதன்முறையாக எழுதினார்:
‘காயையும் எடுத்துக்கிறேன். பாதி விலை.’
பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.
நானும்.

இன்று எழுநூற்று அறுபத்தைந்து.
‘அது நான்தான்’ என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டுவதற்குள் ரோஸ்லியின் குரல்பதிவு,
சட்டைப்பையில் தவறி அழுந்தியிருக்க வேண்டும்.
நாற்பது விநாடி.
மட்டையில் அரிவாள் இழுபடும் சத்தம்,
ஒரு மூச்சு, ஒரு செருமல்,
பிறகு குலை மண்ணில் மோதுகிறது,
அதன் பின்னால் பழங்கள் உதிர்ந்து உருள்கின்றன.
காதில் வைத்து எண்ணினேன்.
பத்துக்கு மேல்.

கீழே பூரணம் எழுதியிருந்தாள்:
‘நல்லாப் பழுத்திருக்கு. எத்தனை கிலோ?’