ஒந்து கம்மி

புழு வளர்ப்பது என் வேலை.
ஹெப்பால் மேம்பாலத்தின் இரைச்சல்
மெலிந்து வந்து சேரும் ஓர் ஆய்வகத்தில்
கடலைமாவும் ஈஸ்ட்டும் அகரும் காய்ச்சி ஊற்றி
கிண்ணத்துக்கு ஒன்றாக விடுவேன்.
இரண்டை விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும்,
அதுவும் கொழுத்து.

காய்த்துளைப்பான் என்று பெயர்.
தலையைத் துவரங்காய்க்குள் நுழைத்து
உடம்பை வெளியே விட்டுவிட்டுச் சாப்பிடும்,
முதல் பந்தியில் இடம்பிடித்தவன் மாதிரி,
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாராமல்.

மாடியில் இப்ஷிதா
மண்ணில் கிடந்த ஒரு பாக்டீரியாவின் மரபணுவை
துவரைக்குள் குடியேற்றப் பார்த்தாள்.
நாலு வருஷம்.
துவரை லேசில் வீடு கொடுக்காது.
ஆயிரம் முளைகளை வெட்டி வைத்தால்
எட்டோ பத்தோ பச்சை பிடிக்கும்.
அதிலும் பாதி பொய்.

பொய்யில்லாத ஒன்றின் இலையை
என் புழுவுக்குக் கொடுத்தோம்.
முதல் நாள் கடித்தது.
மறுநாள் கடித்த இடத்திலேயே நின்றது.
மூன்றாம் நாள் கறுத்து நூலாகிக் கிடந்தது.
இப்ஷிதா எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கினாள்.
நானும் தின்றேன்.
பிறகு கிண்ணங்களைக் கழுவினேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

அறுவடை முந்நூற்றுப் பன்னிரண்டு விதை.
எண்ணி, எழுதி, கையெழுத்திட்டு, பூட்டு.
குளிர்பெட்டி பழுதான வாரம்
மர அலமாரிக்கு மாற்றியதை மட்டும்
யாரும் எழுதவில்லை.

டிசம்பரில், ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள்
ஹொன்னப்பா எண்ணி முடித்து நிமிர்ந்தார்.
"ஒந்து கம்மி."
ஒன்று குறைகிறது.
தமிழில் சொல்லிப் பார்த்தும் கூடவில்லை.

ஐந்தைந்தாக எண்ணினோம். பத்துப்பத்தாக எண்ணினோம்.
ஸ்வெட்டர் பைகளை உதறினோம்,
செருப்பைத் திருப்பிப் பார்த்தோம்,
துடைப்பத் தூசியைச் சலித்தோம்.
"வெளியே போயிருந்தால்?" என்றாள் இப்ஷிதா.
ஜன்னலுக்கு அப்பால் விமானமொன்று
எலஹங்காவைத் தாண்டித் தாழ்ந்துகொண்டிருந்தது.

மதியம் கேண்டீனில் பிஸிபேளேபாத்.
அண்டா நிறையத் துவரை, கணக்கில்லாமல்.
தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள்
கரண்டி நுனியால் பருப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்,
பழக்கதோஷம்.

நாலரைக்கு ஹொன்னப்பா
அலமாரி இழுப்பறையின் இடுக்கிலிருந்து
ரம்ப பிளேடால் நெம்பி எடுத்தார்.
உள்ளங்கையில் வாங்கினேன். கனமே இல்லை.
ஒரு பக்கம் ஓட்டை,
காம்பஸ் வைத்துச் சுழற்றியது போல் வட்டமாக.

பயறு வண்டு.
எங்கள் மரபணுவுக்கு அதை யாரென்றே தெரியாது.
நாலு வருஷத்தையும் உள்ளிருந்து தின்று
கதவு செய்து, திறந்து, போய்விட்டிருக்கிறது.

படிவத்தில் விதைக்குக் கட்டம் உண்டு,
முளைத்ததற்கு உண்டு, எரித்ததற்கு உண்டு.
தோலுக்கு இல்லை.
"முந்நூற்றுப் பன்னிரண்டு என்றே எழுதட்டுமா?"
பேனா இப்ஷிதாவின் கையில் காய்ந்தது.

ஹொன்னப்பா பதில் சொல்லவில்லை.
மிச்ச விதைகளை விளக்கடியில் கொட்டி
ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.
முதல் கைப்பிடியிலேயே மூன்று விதைகளின்மேல்
வெள்ளைப் புள்ளி,
கடுகில் கால்வாசிகூட இருக்காது, ஒட்டினது ஒட்டினபடி.

நான் கீழே போய்
கழுவிக் கவிழ்த்த கிண்ணங்களில்
மூன்றை எடுத்துவந்தேன்.